முடிவு தெரிந்த கதைகள்

உங்கள் வீட்டிலும் ஓர் அத்தை இருந்திருப்பார். மத்தியானம் அடுப்படி வேலை ஓய்ந்ததும் தூணில் சாய்ந்து, காலை நீட்டி, அட்டை கிழிந்த ஒரு நாவலைப் பிரிப்பார். 'அத்தை, காப்பி' என்றால் 'இரு, இந்தப் பக்கம் முடியட்டும்' என்பார். என் அத்தை அப்படித்தான். ஊர் திருவையாறு. பிடித்த எழுத்தாளர் ரமணிசந்திரன். மற்றவர்களையும் படிப்பார், படித்துவிட்டு மறுபடி இவரிடமே வந்துவிடுவார். 150 நாவல்களுக்கு மேல் எழுதியவர் என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

நான் அப்போது தி. ஜானகிராமனைக் கரைத்துக் குடித்துவிட்ட மிதப்பில் இருந்தவள். "எத்தனை தடவை அத்தை இதே கதை? பணக்காரப் பையன் முறைப்பான். ரோஷக்காரப் பொண்ணு பதிலுக்கு முறைப்பா. நடுவுல ஒருத்தி கோள் மூட்டுவா. கடைசியில கல்யாணம். நாலு பக்கம் படிச்சா மீதியை நானே சொல்லிடுவேன்" என்பேன். அத்தை கோபித்துக்கொள்ள மாட்டார். "சொல்லேன், எனக்குக் கண்ணாவது மிச்சம்" என்பார்.

அந்த வாக்கு பலித்தது. 2004-ம் வருஷ ஆரம்பத்தில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி, ஆறு கட்டில் போட்ட பெண்கள் வார்டு. துணைக்கு நான். ராத்திரி எட்டு மணிக்கு, கண்ணில் கட்டோடு, தலைமாட்டுப் பையைத் தடவி ஒரு நாவலை எடுத்து நீட்டினார். "மூலையை மடிச்சு வச்சிருக்கேன் பாரு. அங்கேருந்து படி."

எனக்கோ கூச்சம். குசுகுசுவென்று ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் எதிர்க்கட்டில் பாட்டி, "ஏம்மா, கொஞ்சம் உரக்கப் படியேன். எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார். உரக்கப் படித்தேன். கதாநாயகன் அநியாயமாகச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை விட்டான். "கட்டையில போறவன்!" என்று ஜன்னலோரக் கட்டிலிலிருந்து வசவு வந்தது. விளக்கை அணைக்க வந்த நர்ஸ், ஸ்விட்சில் கை வைத்தபடி கேட்டார்: "ரெண்டு பேரும் சேந்துடுவாங்கல்ல?"

இருட்டில் அத்தையிடம் கேட்டேன். "முடிவு தெரிஞ்ச கதையில என்ன அத்தை இருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். "கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல உங்க மாமா போயிட்டார். பங்காளி கேஸு பதினாறு வருஷம் நடந்துது. ஆத்துல தண்ணி எப்ப வரும்னு தெரியாது. நாளைக்குக் கட்டு பிரிச்சாக் கண்ணு தெரியுமான்னும் தெரியாது. இது ஒண்ணுலதாண்டி எனக்கு முடிவு தெரியும்."

2002, 2003 இரண்டு வருஷமும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போயிற்று. அத்தையின் மூன்று மா நிலமும் அதில் சேர்த்தி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இங்கிலாந்திலும் இப்படி அத்தைமார்கள் உண்டு. 1811 முதல் 1820 வரை, ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று இளவரசர் ஆண்ட காலத்தை அங்கே ரீஜன்ஸி என்பார்கள். ஜேன் ஆஸ்டின் நாவல்கள் வந்தது அப்போதுதான். (அதே ஒன்பது வருஷமும் நம் திருவையாற்றில் தியாகராஜர் இருந்தார்; தஞ்சாவூரில் சரபோஜி புத்தகம் சேர்த்துக்கொண்டிருந்தார்!) நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, ஜார்ஜெட் ஹேயர் என்ற அம்மாள் அந்தக் காலத்தை வைத்துச் சிரிப்பும் காதலுமாக நாவல்கள் எழுதினார். குதிரை வண்டி, நடன விருந்து, நறுக்கென்ற பேச்சு. படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும். அம்மாவும் பெண்ணும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிக்கலாம். நம் ரமணிசந்திரன் மாதிரியேதான்.

ஹேயரின் 'ஃப்ரைடேஸ் சைல்ட்' உலக யுத்தத்தின் நடுவே 1944-ல் வந்தது. பின்னாளில் ஒரு பெண்மணி ஹேயருக்குக் கடிதம் எழுதினார். ருமேனியாவில் பன்னிரண்டு வருஷம் அரசியல் கைதியாக இருந்தவர். சிறையில் புத்தகம் இல்லை. இந்த நாவலைத்தான் ஞாபகத்திலிருந்து கூட இருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். எல்லோருக்கும் புத்தி பேதலிக்காமல் இருந்தது அதனால்தான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு எதிர்க்கட்டில் பாட்டி ஞாபகம் வந்தார்.

குறை இல்லையா? உண்டு. கதாநாயகனின் சந்தேகத்தை அன்பு என்று மன்னித்துவிடுவது எனக்கு இன்றும் உறுத்தும். ஆனால் படிக்கிறவர்கள் அதை அப்படியே விழுங்குகிறார்கள் என்று நாம் நினைப்பதும் தப்பு. ஜன்னலோரக் கட்டிலின் தீர்ப்பைத்தான் கேட்டீர்களே!

திருவையாறு போனால் அசோகா சாப்பிடாமல் வர மாட்டீர்கள். பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய்... என்னென்ன போடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வித்தை பதத்தில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு யாரும் 'இது சாப்பாடு மாதிரி இல்லையே' என்று குறை சொல்வதில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். அத்தைக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. கதையில் இன்னும் முப்பது பக்கம் பாக்கி. எதிர்க்கட்டில் பாட்டிக்கு அன்றுதான் ஆபரேஷன். "உங்க பொண்ணு வந்ததும் படிக்கச் சொல்லுங்கோ" என்று அத்தை புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வாடகை நூலகத்துப் புத்தகம். விலையும் அபராதமும் நான்தான் கட்டினேன்.

அந்த முப்பது பக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை. ஆனால், சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தெரியும்.