டாக்ஸி என்ற பெயரில் பறந்த போயிங்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வர்க்கலையை ஒட்டியுள்ள கடலோரச் சிற்றூர் ஓடயம். அங்கிருந்து பம்பாய்க்குப் போன தக்கியுதீன் வாஹித், 1980களில் சகோதரர்களோடு சேர்ந்து ஈஸ்ட் வெஸ்ட் என்ற பயண முகவர் நிறுவனத்தை நடத்தினார். வளைகுடா நாடுகளில் வேலைக்கு ஆள் அனுப்புவதும் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும் தொழில்.

எதற்குக் கிராக்கி என்பதை அந்தத் தொழிலே அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். வளைகுடா போகும் மலையாளிகளில் பலர் முதலில் பம்பாய் போய்ச் சேர வேண்டியிருந்தது. கொங்கண் ரயில் பாதை முழுமையாகத் திறந்தது 1998ல்தான். அதற்கு முன்பு தமிழகம், ஆந்திரம் என்று சுற்றிக்கொண்டு ரயிலில் இரண்டு இரவுகள். விமானம் என்றால் அரசின் இந்தியன் ஏர்லைன்ஸ் மட்டுமே. இடம் கிடைத்தால் யோகம்.

இத்தனைக்கும் 1935லேயே டாடாவின் சிறு தபால் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கியிருக்கிறது. 1953ல் வந்த விமானக் கழகங்கள் சட்டம்தான் தனியாருக்கு வானத்தை மூடியது.

தாராளமயம் வந்தபோதும் அரசு உடனே அந்தச் சட்டத்தைத் தொடவில்லை. பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்தது: 'ஏர் டாக்ஸி' என்ற பெயரில் தனியார் விமானம் ஓட்டலாம். 1992ல் குத்தகைக்கு எடுத்த போயிங் 737 விமானத்துடன் ஈஸ்ட் வெஸ்ட் பம்பாய் - கொச்சி சேவையைத் தொடங்கியது. நூறு பேருக்கு மேல் ஏறும் ஜெட் விமானம், காகிதத்தில் டாக்ஸி! கால அட்டவணை வெளியிட அனுமதி கிடையாது. விமானம் நேரப்படி கிளம்பலாம். எத்தனை மணிக்கு என்று அச்சிட்டுச் சொல்லக் கூடாது. நம் அரசாங்கத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

1994 மார்ச்சில் பழைய சட்டம் ரத்தானது. அதற்குள் ஜெட் ஏர்வேஸ், தமானியா, மோடிலுஃப்ட், சஹாரா, சென்னையின் என்.இ.பி.சி. என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. பயணி தருவது ரூபாய், விமானத்துக்குக் கட்டும் வாடகையோ டாலர். முன்னணியில் இருந்தவருக்கும் மூச்சு முட்டும் கணக்கு இது.

1995 நவம்பர் 13 இரவு, பாந்த்ராவில் அலுவலகத்துக்கு அருகே வாஹித் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் பம்பாய் நிழல் உலகத்தின் பக்கம் போனது. ஆனால் ஒரு விமான நிறுவன அதிபரைக் கொல்ல யாருக்கு என்ன தேவை? பத்திரிகையாளர் ஜோசி ஜோசப் 2016ல் வெளியிட்ட 'எ ஃபீஸ்ட் ஆஃப் வல்ச்சர்ஸ்' நூலில் இந்த வழக்கை மறுபடி தோண்டியிருக்கிறார்.

அதிபர் இல்லாமல் நிறுவனம் ஓராண்டுகூடத் தாக்குப் பிடிக்கவில்லை. 1996 ஆகஸ்டில் ஈஸ்ட் வெஸ்ட் விமானங்கள் நின்றன. குண்டுதான் நிறுவனத்தைக் கொன்றது என்று கேரளத்தில் சொல்வதுண்டு. பாதி உண்மை. அதிபர்கள் உயிரோடு இருந்த நிறுவனங்களும் பிழைக்கவில்லை. தமானியா 1995லேயே என்.இ.பி.சி.க்கு விலைபோனது. மோடிலுஃப்ட் 1996ல் முடங்கியது, என்.இ.பி.சி. 1997ல். சஹாராவை 2007ல் ஜெட் வாங்கியது. அந்தக் கூட்டத்தில் கடைசியாக மிஞ்சிய ஜெட்டும் கடன் சுமை தாங்காமல் 2019 ஏப்ரலில் தரையிறங்கியது.