குதிரை இல்லாத ரோடு

தேக்காவில் எருமைக்கு மட்டும் இரண்டு ரோடு: பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு. அங்கே இப்போது ஓடுவது மீன் தலைக் கறி. ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனது, பிறகு கிராஞ்சிக்கு. அங்கேயும் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம். வீடு கட்ட நிலம் வேண்டும்.

ஃபேரர் பார்க்கில் மிஞ்சிய திடலிலும் வீவக வீடுகள் வரப்போகின்றன. பிடிஓவுக்கு மனு போட்டவன் நான். ரொம்பக் கோபப்படவும் முடியாது.

அந்த அக்டோபரில்தான் யூனிவர்சிட்டி நண்பன் ரெண்டு வருஷம் கழித்து என்னோடு ஓட வந்தான். கல்யாணப் பேச்சு, கிராஞ்சி, முட்டிவலி எல்லாம் பேசியாயிற்று. மூன்றாவது சுற்றில் சொன்னான்:

"வேலை போயி நாலு மாசம் ஆச்சுடா."

டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான். வீட்டில் இன்னும் தெரியாதாம். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போகிறான்.

நான் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் பேச்சை நிறுத்திவிடுவான். இன்னும் ரெண்டு சுற்று ஓடினோம்.