நமக்காக நிற்பவர்

ஆயிரம் பேருக்கு ஒரே குறை. அதற்கு ஆயிரம் வழக்குகளா? வேண்டாம் என்கிறது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம். ஒத்த நலனுடையோர் பலரிருப்பின், நீதிமன்றத்தின் இசைவுடன் ஒருவரே அனைவர்க்குமாக வழக்காடலாம். சென்னை அசோக் நகரில் வீடு பெற்றோரிடம் வீட்டுவசதி வாரியம் கூடுதல் விலை கேட்டபோது அப்படித்தான் ஒருவர் நின்றார். கேட்பு தனித்தனியே வந்தாலும் நலன் ஒன்றே என 1990-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தோழர்களே, நமக்காக நிற்பவர் யாரெனத் தெரிய வேண்டாமா? ஆள்தொகை மிகுந்தால் செய்தித்தாள் விளம்பரமே அறிவிப்பாகிவிடும். செய்தித்தாளைத் தொட்டறியாத, பூக்கட்டி விற்கும் எங்கள் தெரு மூதாட்டியையும் தீர்ப்புக் கட்டுப்படுத்தும்!

எங்கள் பொதுப்பாதை வழக்கில் தெருவாருக்காக நின்றவர், எதிர்த்தரப்பின் பந்தலில் விருந்துண்ணத் தொடங்கினார், வாய்தாக்களை மறந்தார். "போகட்டும், பெரிய மனிதர்" என்றனர் சிலர். பெரிய மனிதராம்! அந்தப் பெருமைக்குக் கடிவாளமிட்டது 1976-ஆம் ஆண்டுத் திருத்தம். எங்களுக்கு அறிவிக்காமல் அவர் சமரசம் செய்துகொள்ள முடியாது. முனைப்பின்றி வழக்கை நடத்தினால், அவருக்கு மாற்றாக எங்களுள் வேறொருவரை நீதிமன்றம் அமர்த்தலாம்.

மனு எழுதினோம். முதல் கைநாட்டு அந்த மூதாட்டியுடையது.