காதுக் கருவி பேசாவிட்டால்

குன்றத்தூர் மலைக்கோயிலில் மணி அடித்தாலும், ஸ்ரீபெரும்புதூர் ரஸ்தாவில் லாரி அலறினாலும், கருவி இல்லாவிட்டால் நம் அத்தைக்கு எல்லாம் ஒன்றே. அது நின்றால் அவரும் பேச்சை நிறுத்திவிடுவார். “என்ன, என்ன?” என்று பிறரைத் தொந்தரவு செய்வானேன் என்ற கூச்சம்! ஆகையால் நம் வீட்டில் இது அவசர விஷயம்.

முதலில் பாட்டரியை மாற்றுவோம். 1940-களில் பாட்டரிப் பொட்டலத்தை உடம்பில் கட்டிச் சுமந்தார்கள். இன்று அது பட்டாணி அளவுதான். அத்தையின் கருவிக்குரியது 13-ஆம் நம்பர், ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள் உடையது. உள்ளிருக்கும் துத்தநாகம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்தே மின்சாரம் உண்டாக வேண்டியிருப்பதால், தாளை உரித்து ஒரு நிமிஷமாவது காற்றாட வைத்த பிறகே பொருத்த வேண்டும். உரித்த தாளைத் திரும்ப ஒட்டிச் சிக்கனம் பண்ண முடியாது.

அதற்கும் மசியாவிட்டால், காதில் செருகும் அச்சின் துவாரத்தைப் பார்க்கிறோம். அநேகமாகக் குறும்பி அடைத்திருக்கும். துவாரம் கீழ்நோக்கியிருக்கும்படி பிடித்துச் சிறு தூரிகையால் துடைக்கலாம். ஊசியால் குத்துவது கூடாது. குழாயில் வியர்வைத் துளி நின்றாலும் ஓசை வராது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, இரவில் பாட்டரியை எடுத்துவிட்டுக் கருவியை ஸிலிகா ஜெல் போட்ட டப்பியில் மூடி வைப்பது உத்தமம். வெயிலில் காயவைக்கும் வைத்தியம் வேண்டாம்.

இத்தனைக்கும் பேசாவிட்டால் நிபுணரிடம் போகிறோம், அத்தையையும் அழைத்துக்கொண்டு. காதிலேயே குறும்பி சேர்ந்திருந்தால் கருவி என்ன செய்யும், பாவம்!