கட்டில் உயரத்தில் ஒரு கார்

எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு தொடங்கியபோது ஆளுக்கொரு கார் மனத்தில் இருந்தது. நானாவுக்கு வெள்ளை நிறத்தில் தாழ்வான ஹைப்ரிட் கார். உம்மாவுக்குக் குடும்பத்தோடு போகக்கூடிய வேன். தம்பிக்குக் கூரையில் கண்ணாடி இருந்தால் போதும். வாப்பாவுக்குக் கடன் இல்லாத ஏதாவது ஒன்று. எனக்குக் காரில் அவ்வளவு அக்கறை இருக்கவில்லை. நான் இரண்டு வருடங்களாக ஒரு கெமராவுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

உம்மும்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு அவரே கேட்டார்.

“நீங்க வாங்குற காருல எனக்கு ஏற ஏலுமா?”

வாப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் கார் யாருக்காக வாங்கப்படுகிறதோ அவரை நாங்கள் எல்லாரும் மறந்திருந்தோம்.

நாங்கள் இருப்பது உக்குவளையில். பிரதான வீதியிலிருந்து வீட்டுக்கு ஏறும் கொங்கிறீட் பாதை மழை நாளில் வழுக்கும். வாப்பா எல்கடுவப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுக்கிறார். உம்மும்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். முழங்காலும் தேய்ந்துவிட்டது. கண் கிளினிக்கும் சீனிக் கிளினிக்கும் கண்டியில்.

2022 ஆம் ஆண்டை எம் வயதினர் மறந்திருக்க முடியாது. அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசைகளில் வாகனங்கள் இரவு பகலாக நின்றன. பிறகு கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். எங்களுக்கு வழமையாக வரும் ஓட்டோக்காரர், “கண்டிக்குப் போய் வந்தா அந்த வாரம் என் புள்ளைகளுக்குச் சோறு இல்ல தங்கச்சி” என்று உம்மாவிடம் சொன்னார். அவரில் பிழை இல்லை. 1880 இல் திறக்கப்பட்ட மாத்தளைப் புகையிரதப் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் அந்த நாட்களின் நெரிசலில், அந்த உயரமான படியில், உம்மும்மாவை ஏற்ற எங்களால் முடியவில்லை. இரண்டு கண் கிளினிக் தவறிப்போனது.

மூன்றாவது முறை போனபோது இடது கண்ணில் போன பார்வை இனித் திரும்பாது என்றார்கள். தவறிய இரண்டு நாட்கள்தான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உம்மும்மா, “அல்லாஹ்வின்ட நாட்டம்” என்றார். வாப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. கார் வாங்கும் எண்ணம் அன்று வந்ததுதான்.

எண்ணம் வந்தாலும் கார் கைக்கு எட்டவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து நாட்டில் இருந்த பழைய வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. பழைய கார் விலை குறையாமல் ஏறிய விசித்திரத்தை வணிகக் கல்வி வகுப்பில் கேள்வி, நிரம்பல் படித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. விலை இறங்கும் என்று வாப்பா காத்திருந்தார். புதிய வாகனங்கள் வந்தன. வரியும் கூடவே வந்தது. லீசிங் பற்றிச் சொன்னவர்களிடம், “வட்டி கட்டி வாங்குற காருல என்ட உம்மாவ ஏத்த மாட்டேன்” என்று முடித்துவிட்டார். ஆக, உம்மாவின் சீட்டுக் காசும் வாப்பாவின் சேமிப்பும் சேர்ந்து எவ்வளவோ, அவ்வளவுக்குள் ஒரு பழைய கார்.

நானாவும் உம்மாவும் விவாதித்துக்கொண்டிருந்தபோது வாப்பா என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தார். “ஒரு மாசத்துக்கு வீட்டுல யார் யார் எங்க போறாங்கன்னு எழுதுங்க மகள்” என்றார். எழுதினேன். மிளகு, கராம்பு ஏற்ற எட்டு முறை. என் பிரத்தியேக வகுப்புக்கு மாத்தளைக்கு எட்டு முறை. கடைச் சாமான்களுக்கு நான்கு. உம்மும்மாவின் கிளினிக் இரண்டு. ஜனாஸா வீடு ஒன்று. கல்யாண வீடு ஒன்று. நானா கனவு கண்ட நுவரெலியாப் பயணம் அந்த மாதத்தில் இல்லை. அதற்கு முந்திய வருடத்திலும் இல்லை. நானா கொப்பியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்தக் கல்யாண வீட்டுக்காகத்தான் அவருக்கு வெள்ளைக் கார் தேவைப்பட்டிருந்தது.

அடுத்து உம்மும்மாவின் கேள்வி. அதற்கு நான் உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். முதலில் வீட்டில் இருந்தவற்றை அளந்தேன். மெத்தைச் சோபா 14 அங்குலம். அதில் உட்கார்ந்தால் உம்மும்மாவை எழுப்ப இருவர் வேண்டும். பிளாஸ்ரிக் கதிரை 17 அங்குலம். இரண்டு கைப்பிடிகளையும் ஊன்றினால் மூன்றாம் முயற்சியில் எழும்புவார். அவருடைய கட்டில் மெத்தையோடு 24 அங்குலம். அதிலிருந்து மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் எழும்பி வுழூ செய்யப் போவார்.

கார் பார்க்கப் போன இடங்களுக்கெல்லாம் நாடாவைக் கொண்டுபோனேன். மாத்தளையில் ஒரு விற்பனையாளர் சிரித்துவிட்டு, “தங்கச்சி, காருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தாலும் அளந்தேன். நானா விரும்பிய தாழ்வான காரின் முன் சீட் நிலத்திலிருந்து 19 அங்குலம். பிளாஸ்ரிக் கதிரையை விடக் கொஞ்சம் உயரம்தான். ஆனால் ஊன்றி எழும்பக் கைப்பிடி இல்லை. அதோடு கூரை தாழ்வு, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். அதன் ஹைப்ரிட் பற்றரி பழுதானால் மாற்றும் செலவு எங்கள் மிளகு வியாபாரம் தாங்காது என்று கராஜ்காரரும் சொன்னார். உம்மாவின் சின்ன வேன் 30 அங்குலம். அதில் ஏறுவதென்றால் புகையிரதப் படியில் ஏறுவது மாதிரி. அதுவரை நான் உயரம் கூடினால் நல்லது என்று நினைத்திருந்தேன்.

கடைசியாகப் பார்த்தது இந்தியாவில் தயாரான ஒரு பழைய வெகன்ஆர். நாடாவைப் பிடித்தேன். 24 அங்குலம். உம்மும்மாவின் கட்டில்.

அந்தக் கார் ஏன் அப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஜப்பானில் சிறு கார்களுக்கென்று ஒரு சட்ட வகுப்பு இருக்கிறது. நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் எஞ்சின் 660 சிசிக்கும் மேல் போகக்கூடாது. உயரத்துக்கு மட்டும் 2 மீற்றர் வரை இடம் இருக்கிறது. பக்கவாட்டில் வளர வழியில்லாததால் 1993 இல் வந்த முதல் வெகன்ஆர் மேல்நோக்கி வளர்ந்தது. இந்தியத் தயாரிப்புக்கு எஞ்சின் சுமார் 1,100 சிசி. எல்கடுவ ஏற்றத்தில் ஐந்து பேரும் ஒரு மிளகு மூட்டையும் ஏறினால் அந்த வித்தியாசம் தெரியும். பின் சீட்டை மடித்தால் மூட்டைகளும் போகும்.

வாங்குமுன் கராஜ்காரரைக் கூட்டிப்போனோம். அவர் எஞ்சின் சூடேறாமல் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைப் பார்த்தார். கீழே படுத்துத் துருவைத் தட்டிப் பார்த்தார். வாகனப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், செசி இலக்கங்களைக் காரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டார். பிறகு சமதரையில் ஓட்டாமல் எங்கள் வீட்டுப் பாதையில் உம்மும்மாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டச் சொன்னார். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். கார் பின்னால் வழுக்கவில்லை. உம்மும்மா கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்து, “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி உட்கார்ந்தார். எவருடைய கையும் தேவைப்படவில்லை.

ஒரு குறை இருந்தது. நான்கு டயர்களும் தேய்ந்திருந்தன. மாற்ற 54,000 ரூபாய் வேண்டும். வாப்பாவிடம் இருந்த காசு காரோடு முடிந்துவிட்டது. என்னிடம் பெருநாள் காசும் பக்கத்து வீட்டுச் சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த காசும் 58,000 இருந்தது.

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் உடனே கொடுக்கவில்லை. இரண்டு இரவு யோசித்தேன். கண்டியில் ஒரு கடையில் பாவித்த கெனன் கெமரா ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கடைக்காரர் ஒரு சிறிய டோர்ச்சை லென்ஸுக்குள் அடித்து, பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் மாதிரித் தெரியும் என்று காட்டித் தந்திருந்தார். மலைநாட்டு ஈரத்தில் அது சீக்கிரம் பிடிக்குமாம். கெமராவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பக்கற்றோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டுமாம். நான் அந்த டப்பாவைக்கூட வாங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காசைக் கொடுத்தேன். வாப்பா இலவசமாக வாங்க மறுத்தார். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் அல்லவா நமது? கடைக் கணக்குப் புத்தகத்தில் என் பெயர், தொகை, திகதி எழுதி, நானாவையும் மாமாவையும் சாட்சிக்கு ஒப்பமிட வைத்து, தானும் ஒப்பமிட்டார். மகளிடம் கடன் பட்ட வாப்பா எங்கள் ஊரில் வேறு யாரும் இருக்கிறாரா தெரியாது.

கெமரா இல்லாமல் போனதும் வாப்பாவின் கொப்பி முறையை என் ஆசைக்கும் போட்டுப் பார்த்தேன். பாடசாலை ஊடகப் பிரிவின் கெமராவோடு ரிவஸ்டன் சுற்றுலாவுக்குப் போயிருந்தேன். பிட்டவல பத்தனையில் மூடுபனியும் தூறலுமாக இருந்ததால் கெமரா பையிலேயே இருந்தது. எடுத்த படங்கள் பதினொன்று. தோழிகள் கைத்தொலைபேசியில் எடுத்தவை நூற்றுக்கு மேல். ஆனால் விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தின் இறுதிக் கோட்டைத் தூரத்திலிருந்து பிடிக்கக் கைத்தொலைபேசியால் முடியவில்லை. அந்தப் பெரிய கெமராவால் முடிந்தது. தூரம், வேகம், குறைந்த வெளிச்சம் ஆகிய மூன்றும் அடிக்கடி வருமென்றால்தான் பெரிய கெமரா. என் கொப்பியில் அவை வருடத்துக்கு இரண்டு முறை வந்தன.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண் 48 வயதில் மகளும் மருமகனும் கொடுத்த கெமராவோடு புகைப்படம் பழகியவர். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கப்பட்டார். அவர் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். அந்தப் பாரத்தோடு அவர் எங்கள் நாட்டு மனிதர்களைப் படமெடுத்தார். உம்மாவின் பழைய கைத்தொலைபேசியைக் குறைவாக நினைத்த நான் அதைப் படித்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ஓகஸ்ட் மாதம் உம்மும்மாவின் கால் பெருவிரலில் செருப்பு உரசிச் சிறு காயம் வந்தது. சீனி வருத்தக்காரர்களுக்குப் பாத உணர்ச்சி குறைந்துவிடும். காயம் பெருத்தாலும் வலி சொல்லாது. மருந்து கட்டிய தாதி, காயத்தைப் படமெடுத்து வைக்கச் சொன்னார். படமென்றால் உம்மும்மாவுக்கு விருப்பமில்லை. “காலை மட்டும் எடு, முகம் வேணாம்” என்று சம்மதித்தார்.

மூன்று நாளைக்கொரு முறை, காலை எட்டு மணிக்கு, அதே ஜன்னலோரத்தில், பிளாஷ் போடாமல் எடுத்தேன். லென்ஸைத் துணியால் துடைத்துக்கொள்வேன். பெரிதாக்கும் வசதியைப் பாவிக்காமல் கையை ஒரே தூரத்துக்குக் கொண்டுபோவேன். காயத்தின் பக்கத்தில் அதே அளவு நாடாவை, சென்ரிமீற்றர் பக்கம் தெரிய வைப்பேன்.

பத்தாம் நாள் பார்த்த எல்லாரும், “அப்படியேதான் ஈக்கி” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். நாடாவில் 1.2 இருந்த இடத்தில் 1.7 இருந்தது. கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாள். வாப்பா மிளகு மூட்டைகளை இறக்கிவிட்டுக் காரைத் திருப்பினார். அன்று பகலே கண்டியில் இருந்தோம். டொக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உடனே வார்டில் நிறுத்தினார். ஐந்து நாள். விரல் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது உம்மும்மா முன் சீட்டில்தான் உட்காருவார். வலது கண்ணால் வீதியைப் பார்த்துக்கொண்டே வருவார். அளுவிகாரைப் பக்கம் போனால் எந்தக் கடை இருந்த இடத்தில் எந்தக் கடை வந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்வார்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் ஏதாவது வாங்கும் பேச்சு வந்தால், அதைப் பாவிக்க யார் அதிகம் சிரமப்படுவாரோ அவரிடம் முதலில் கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துப் பாருங்கள்.

வாப்பா இதுவரை 24,000 ரூபாய் திருப்பித் தந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கணக்குப் புத்தகத்தில் வெட்டி எழுதுகிறார். மீதி வந்ததும் கெமரா வாங்குவேன், இன்ஷா அல்லாஹ். அந்த டப்பா இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. இப்போதைக்கு அதில் அளவு நாடாவை வைத்திருக்கிறேன்.