ஆறு மில்லிமீட்டர் போல்ட்

சென்னையில் எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே, கூவத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. ஆயுள் முடிந்த வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகளும், அந்தப் பாகங்களை மாட்டித் தரும் பட்டறைகளும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஆட்டம் கண்ட கியர் லிவரை அங்குள்ளவர்கள் எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் போனேன். இவ்வளவு சின்ன வேலையையா என்று கேட்கலாம். ஒரு மெக்கானிக்கின் தரத்தை அறிய இதைவிட நல்ல வேலை இல்லை என்பேன். இன்ஜினைப் பிரிக்கும்போது யாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். லிவர் வேலையையோ ஐந்து நிமிடத்தில் ஒப்பேற்றி அனுப்பிவிடலாம். வண்டியும் சில மாதம் ஓடிவிடும். ஒப்பேற்றத் தெரிந்தும் ஒப்பேற்றாதவர் யார் என்பது இங்கேதான் தெரியும்.

நான் உட்கார்ந்த பட்டறைக்கு மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் தெரு. அதை நடத்துபவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலையில் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். இந்தியாவில் 1985-இல் அறிமுகமாகி, 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. தயாரிப்பு நின்று இத்தனை காலம் ஆகியும் தமிழ்நாட்டில் அதைத் தேடிப் பிடித்து ஓட்டுகிற இளைஞர்கள் குறையவில்லை. ஓட்டி வந்தவருக்கும் வண்டியைவிட வயது குறைவு.

“பாய், கியர் லிவர் லூசா இருக்கு. சில நேரம் ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது” என்றார்.

பாய் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்து, ஷாஃப்டின் முனையிலும் அதைக் கவ்வியிருக்கும் லிவரின் முகத்திலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு இழுத்தார். பிறகு லிவரைக் கையால் மேலும் கீழும் அசைத்தார். கோடு இரண்டாகப் பிரிந்தது. லிவர் நகர்கிறது, ஷாஃப்ட் அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் ஆட்டம் வெளியே, ஷாஃப்டும் லிவரும் கோத்துக்கொள்ளும் பல்லில். கோடு பிரியாமல் இரண்டும் சேர்ந்தே ஆடினால் கோளாறு உள்ளே: லிவரைப் பழைய இடத்துக்குத் திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அந்த ஸ்பிரிங்கைத் தாங்கும் பின் கழன்றிருக்கும். ஷாஃப்டே தள்ளாடி, அதன் அடியில் ஆயிலும் கசிந்தால் அது உட்காரும் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். ஓட்டுபவரின் காலுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். வைத்தியமோ மூன்றுக்கும் வேறு வேறு. இன்னொன்றும் பாய் சொன்னார். உள்ளே இருக்கும் கொக்கி கியர் டிரம்மைப் பிடிப்பதற்கு முன் லிவர் கொஞ்ச தூரம் சும்மா நகரும். புது வண்டியிலும் அது உண்டு. அதைக் கோளாறு என்று பயந்து வருபவர்களைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

பல்லில் விழும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் கணக்குப் போட்டால் புரியும். ஷாஃப்ட் சுமார் 12 மி.மீ. தடிமன், மையத்திலிருந்து பல் வரை 6 மி.மீ. மையத்திலிருந்து கால்விரல் படும் இடம் வரை ஏறக்குறைய 12 செ.மீ. இருபது மடங்கு. பல்லில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் காலடியில் அது ஒரு சென்டிமீட்டர். தள்ளுகிற தூரத்தில் அவ்வளவு வீணாகிவிட, கியர் முழுதாக விழாமல் பாதிப் பிடியில் நிற்கும். அந்த நிலையில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் நழுவும். நழுவும் ஒவ்வொரு முறையும் கியரின் கவ்வும் முனைகள் மழுங்கும். பேருந்தை முந்தப் போகிற நேரத்தில் நழுவினால் என்ன ஆகும் என்பதை ஓட்டுகிறவர்கள் அறிவார்கள்.

இத்தனைக்கும் மூலம் 6 மி.மீ. போல்ட் ஒன்று. லிவரின் கண் முழு வட்டமல்ல. ஒரு பக்கம் பிளந்திருக்கும். 10 நம்பர் ஸ்பேனரால் போல்ட்டை முறுக்க முறுக்க அந்தப் பிளவு நெருங்கி, கண் சுருங்கி, ஷாஃப்டின் பற்களை இறுகப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கின் அதிர்வில் போல்ட் மெல்லத் தளர்கிறது. தளர்ந்ததும் ஒவ்வொரு மிதியும் பல்லின் மேல் ஓர் அடியாக விழுகிறது. லிவரின் இரும்பு மென்மையானது, ஷாஃப்ட் கடினமேற்றிய எஃகு. அதனால் முதலில் தேய்வது லிவர். அந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் லிவரை மட்டும் மாற்றினால் முடிந்தது. ஆட்டத்தோடு மாதக்கணக்கில் மிதித்தால் ஷாஃப்டும் போகும். இந்த வண்டியில் இரண்டும் போயிருந்தன. பிளவின் இரு உதடும் முட்டிக்கொண்டு நின்றன. இனி எவ்வளவு முறுக்கினாலும் இரும்பை இரும்பு தள்ளுமே தவிர ஷாஃப்டைப் பிடிக்காது. முறுக்கி முறுக்கி மரையும் தேய்ந்திருந்தது. இப்படி முட்டிய பிளவில் சிலர் ஹாக்சா பிளேடை ஓட்டி அகலப்படுத்துவார்கள்; மெல்லிய தகட்டை வெட்டிப் பல்லுக்கு நடுவே செருகுவதும் உண்டு. வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு போய்ச் சேர அது உதவும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது.

“வெல்டு வச்சுக் குடுத்துடுங்க பாய், டைம் ஆவுது” என்றார் இளைஞர்.

“வச்சுடலாம் தம்பி. நாளைக்கு முன்னாடி செயின் ஸ்பிராக்கெட் மாத்தணும்னா என்ன பண்ணுவ? லிவர் வந்தாத்தான இந்த சைடு கவர் வரும்? அடுத்து பாக்குற மெக்கானிக் என்னத்தக் கழட்டுவான்?”

வெல்டிங்கின் சூடு ஷாஃப்ட் வழியே ஓடி ரப்பர் ஆயில் சீலைக் கருக்கிவிடும். பிறகு கியர் ஆயில் கசியும். பின்னால் கிரைண்டர் வைத்து அறுத்தெடுக்கும்போது ஷாஃப்டின் முனையும் சேர்ந்து போகும். பாயின் பேச்சில் அந்த அடுத்த மெக்கானிக் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். இனி எந்த ஊரில், எந்தப் பட்டறையில் இந்த வண்டி நிற்குமோ, அங்கே ஸ்பேனரைப் பிடிக்கப்போகும் முகம் தெரியாத ஆளுக்கு வேலையைக் கெடுத்து வைக்கக் கூடாது என்று நினைக்கிறார். புதுப்பேட்டையில் நான் பார்த்தவற்றில் மிக உயர்ந்தது இந்த நினைப்புதான்.

லிவர் புதிதாகவே கிடைத்துவிட்டது. ஷாஃப்டைத் தேடிப் பழைய பாகக் கடைகளுக்கு பாயோடு நானும் நடந்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய தகர டப்பா ஒன்றில் பல வண்டிகளின் ஷாஃப்டுகள் கலந்து கிடந்தன. கட்டைவிரல் நகத்தைப் பற்களின் குறுக்கே ஓட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக ஒதுக்கினார். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் ரம்பம்போலக் கூராகிவிடும். தேறிய ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து உருட்டி, வளைவு பார்த்தார். வண்டி இடப்பக்கம் விழுந்தால் லிவர்தான் தரையில் மோதும். அந்த அடி ஷாஃப்டை வளைத்துவிடும் என்றார்.

மாட்டுவதுதான் பெரிய வேலை. லிவர் இருப்பது இடப்பக்கம், ஷாஃப்டை உருவுவதோ வலப்பக்கமாக. ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க மூடியை எடுத்து, கிளட்சை முழுதாகப் பிரித்த பிறகே பழைய ஷாஃப்ட் வெளியே வந்தது. உதவியாளர் கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார். நல்ல ஷாஃப்டை நுழைக்கும் முன் பாய் அதன் பற்களின் மேல் பாலிதீன் தாளைச் சுற்றி, கிரீஸ் தடவினார். சுற்றாமல் செருகினால் பல்லின் விளிம்பு புது ஆயில் சீலின் உதட்டைக் கீறிவிடும். அரை நிமிட வேலை. அதைச் செய்யாதவர்களால்தான் புது சீல் போட்டும் ஒழுகுகிறது. கடைசியில் இளைஞரை வண்டியில் உட்காரவைத்து, செருப்புக் காலை வைக்கச் சொல்லி, லிவரை ஒரு பல் கீழே இறக்கி மாட்டினார். புது போல்ட், அடியில் ஸ்பிரிங் வாஷர்.

பழைய புல்லட் ஒன்றும் முறைக்குக் காத்திருந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் 1955-இல் கைகோத்த பிறகு திருவொற்றியூரில் வேர்விட்ட வண்டி அது. வலக்காலில் கியர், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கூடவே, இரண்டு முதல் நான்கு வரை எந்தக் கியரிலிருந்தும் குதிகாலால் அழுத்தி நியூட்ரலுக்கு வர ஒரு தனி லிவர். இரண்டு லிவர் என்றால் கவனிக்க வேண்டியவையும் இரண்டு. மைசூரில் செய்த எஸ்டியில் கியர் லிவரே கிக்கராகவும் மாறும் என்பதால் தினமும் திருப்பித் திருப்பி அது தளர்வது இன்னும் சீக்கிரம்.

இந்த வேலைக்குக் கூலி நிர்ணயிப்பதில் ஓர் அநியாயம் இருக்கிறது. மாற்றிய சாமானுக்கு விலை உண்டு, முறுக்கிய ஸ்பேனருக்குக் கூலி உண்டு. சாக்பீஸ் கோடு போட்டு நோயைக் கண்டுபிடித்ததற்கு ஒன்றும் கிடையாது. “கத்துக்குற பசங்க ரெண்டு வருசத்துல டெலிவரி வேலைக்குப் போயிடறாங்க. அங்க மாசம் பொறந்தா காசு கையில வருது” என்றார் பாய். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கையில் இருக்கும் இந்த அறிவுக்கு நாம் காசு தராதபோது அவர்கள் ஏன் தரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்?

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கழுவித் துடைக்கும்போதெல்லாம் கியர் லிவரின் போல்ட்டில் ஒருமுறை ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள். வெல்டு வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு நாள் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால் அந்த ஒரு நாளைக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.