பன்னிரண்டில் ஒரு பங்கு

தலைப்பைக் கண்டதும், மறைமாவட்டப் பங்குகளின் கணக்கு வழக்கு ஏதோ பேசப்போகிறோம் என்று அன்பு வாசகர்கள் அஞ்ச வேண்டா. நாம் பேச விழைவது ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றியே. பந்தயக் கார் ஒன்றைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக்கில் வார்த்து, நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். வாங்கியவர் அவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டி முழு வண்டியாக்கிக்கொள்ள வேண்டும். ஐம்பதைக் கடந்த பங்குத்தந்தை ஒருவருக்கு இது தகுமா என்று கேட்போர் உண்டு. தொலைக்காட்சியைவிட இதில் இரைச்சல் குறைவு என்பதே அவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை.

இக்கலையை நாம் கற்றது ஜெர்மனியில். ரைன் ஆற்றுச் சமவெளியிலுள்ள பங்கொன்றில் சில ஆண்டுகள் உதவிக் குருவாகப் பணியாற்றினோம். அங்கே ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வரும் முதியவர் ஒருவர், தொழிற்சாலையில் கருவிகள் செய்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் நம்மைக் காப்பிக்கு அழைத்தார். அவர் வீட்டு நிலவறையின் அலமாரிகளில் ஏறத்தாழ நாற்பது பந்தயக் கார்கள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றும் முழங்கையளவுகூட இல்லை. ஆனால் குனிந்து உற்றுப் பார்த்தால் பிரேக் குழாய் தெரிகிறது, குழாயைப் பிடித்திருக்கும் கவ்வி தெரிகிறது, கவ்வியின் திருகு தெரிகிறது! நமது ஜெர்மன் மொழி அந்நாளில் மெலிந்திருந்தது. அவருடைய பொறுமை தடித்திருந்தது. கைச்சாடையாலேயே பாதி கற்பித்தார். நாம் தாயகம் திரும்பியபோது, பிரிக்கப்படாத பெட்டி ஒன்றை நம் கையில் வைத்தார். ஜப்பானின் தாமியா நிறுவனம் செய்த லோட்டஸ் 49. அந்தப் பெட்டி நம்மோடு மூன்று பங்குகளுக்கு மாறுதலாகி வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அதைத் திறந்தோம்.

லோட்டஸ் 49 என்னும் வண்டியைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். 1967-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், நெதர்லாந்தின் ஸாண்ட்ஃபோர்ட் களத்தில் அது முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது; இறங்கிய அன்றே வென்றது. ஓட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு உழவர் குடியில் பிறந்த ஜிம் கிளார்க். லோட்டஸ் நிறுவனத்தை நடத்தியவர் காலின் சாப்மன். பொறியை வடிவமைத்தவர் கீத் டக்வொர்த். அதற்கான 1 இலட்சம் பவுண்டுச் செலவை ஃபோர்டு நிறுவனம் ஏற்றது. 3 லிட்டர் கொள்ளளவு, எட்டு உருளைகள், 32 வால்வுகள், ஏறத்தாழ 400 குதிரைத்திறன்; டிஎஃப்வி என்பது அதன் பெயர்.

அதற்கு முந்தைய பந்தயக் கார்களில் பெரும்பாலும் பொறி என்பது சட்டகத்தின்மேல் ஏற்றிய சுமை. லோட்டஸ் 49-இலோ பொறியே முதுகெலும்பு. ஓட்டுநர் அமரும் அலுமினியத் தொட்டி அவருடைய முதுகோடு முடிந்துவிடும். அதன் பின்சுவரில் பொறியை நேரே போல்ட்டுகளால் முடுக்குவார்கள். பின்சக்கரங்களின் தாங்குதண்டுகள் பொறியையும் கியர்ப் பெட்டியையும் பற்றி நிற்கும். பொறியைக் கழற்றினால் வண்டியின் பின்பாதியே கழன்றுவிடும். மேலும் அப்பொறிக்கு மூடி கிடையாது. எட்டுக் காற்றுக் குழல்களும், எரிபொருள் செல்லும் நுண்குழாய்களும், தீப்பொறிக் கம்பிகளும், பின்னோக்கிப் பாயும் புகைக் குழாய்களும் வெயிலில் கிடக்கும். மூடியுள்ள காரில் உள்ளே ஒன்றும் செய்யாமல் விட்டாலும் எவரும் அறியார். இதில் ஒளிக்க இடமே இல்லை.

பெட்டியில் வருவது நல்ல வார்ப்புத்தான். எனினும் அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்குக்கு ஓர் எல்லை உண்டு. உண்மை வண்டியில் 12 மில்லிமீட்டர் உள்ளது மாதிரியில் 1 மில்லிமீட்டர். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள தீப்பொறிக் கம்பி இங்கே 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவாக வேண்டும். பெட்டிகளில் பொதுவாகத் தரப்படும் குழாய்கள் இதைவிடத் தடித்தவை. அவற்றைப் பொருத்தினால் பொறியின்மேல் மலைப்பாம்பு படுத்தாற்போலிருக்கும். அதனால்தான் இத்தொழிலில் ஈடுபட்டோர் இல்லாததைத் தாமே செய்து சேர்க்கிறார்கள்.

அதற்குரிய பொருள்கள் வெளிநாட்டுக் கடைகளில் அழகிய பொட்டலங்களில் கிடைக்கின்றன. நமக்கு அவை வேண்டியிருக்கவில்லை. கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், பழைய செப்புக் கம்பியை வெவ்வேறு தடிமனில் ஒரு பை நிறையக் கொடுத்தார். எதற்கு என்று சொன்னபோது முதலில் நம்பவில்லை. கன்னியர் மடத்து மருந்தகச் சகோதரி புதிய ஊசிகள் சிலவற்றைத் தந்தார். 18 எண் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மில்லிமீட்டர், 22 எண் ஊசி 0.72, 26 எண் ஊசி 0.46. சிறிய அரத்தால் கீறி ஒடித்தால் குழாய்களை இணைக்கும் உலோகப் பூண்கள் ஆயின. பூண் உண்மையிலேயே எஃகு என்பதால் வண்ணமும் வேண்டியதில்லை. மெழுகுதிரிக்கு நம்மிடம் பஞ்சமா என்ன? பிளாஸ்டிக் சட்டத்தின் மிஞ்சிய குச்சியைச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, அது இளகும் நேரம் பார்த்து இரு கையாலும் மெல்ல இழுத்தால், தலைமயிர் போன்ற இழை நீளும். விரைந்து இழுத்தால் மெல்லிழை, தயங்கி இழுத்தால் தடியிழை.

மிகவும் நேரம் தின்றவை தறையாணிகள். அலுமினியத் தகடுகளை ஒன்றோடொன்று பிணைத்த ஆணிகளின் தலைகள் அத்தொட்டியின் விலா நெடுக வரிசை வரிசையாய்ப் புள்ளியிட்டிருக்கும். மாதிரியில் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட வராது. பழைய கடிகாரத்தின் பற்சக்கரத்தை அளவுகோலின் ஓரமாக உருட்டினால் சம இடைவெளியில் தடம் விழும். ஒவ்வொரு தடத்திலும் வெள்ளைப் பசையை ஊசிமுனையால் தொட்டு ஒரு துளி வைக்க வேண்டும். துளி காயும்போது தானே குவிந்து ஆணித்தலை ஆகிவிடும். ஒரு மாலையில் நாற்பது, ஐம்பது வைக்கலாம். அதற்கிடையில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் அதுவும் இல்லை. இறுதியில் பச்சை வண்ணம் பூசியபின் சாய்வெளிச்சத்தில்தான் அவை கண்ணுக்குத் தெரியும். பயன் என்ன என்று எம்மைக் கேட்டால் எம்மிடம் விடையில்லை; ஆனால் அவை இல்லாத விலாவைப் பார்த்தால் தகரம் தெரியாது, பிளாஸ்டிக்தான் தெரியும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் லாக்கர் வண்ணத்தைத் தெளித்தால் அது பால் படிந்தாற்போல வெளிறிவிடும். ஜெர்மானியர்க்கு இல்லாத இந்தத் துன்பம் நமக்கு உண்டு. பங்குனி வெயிலுக்குக் காத்திருந்து, அடர்பச்சையும் நடுவே மஞ்சள் பட்டையும் தீட்டினோம்.

இப்பணியில் நமக்கு உதவியாக வந்தவன் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன். இருசக்கர வண்டிப் பட்டறையில் வேலை. விரல்கள் பருத்தவை, ஆயினும் இடுக்கியைப் பிடித்தால் நடுங்காது. டிஎஃப்வி பொறியின் எட்டுத் தீப்பொறிக் கம்பிகளையும் அவனே வளைத்துப் பொருத்தினான். எந்தக் கம்பி எங்கே வளையும் என்று படத்தைப் பார்க்காமலேயே ஊகித்தான்.

உள்ளிருக்கையை முடிக்கும் நாள் வந்தது. மாதிரிக் கார் செய்வோர் தாமாகச் சேர்ப்பவற்றுள் இருக்கைப் பட்டைக்கே முதலிடம். உண்மையில் 75 மில்லிமீட்டர் அகலமான பட்டை இங்கே 6 மில்லிமீட்டர் அளவில் வரும். திராட்சை இரசப் புட்டியின் கழுத்தில் சுற்றிய தகட்டை வெட்டிச் செய்வது அக்கலைஞரிடையே பழைய வழக்கம். எங்கள் மறையறையில் அத்தகடு கிடைக்கும் என்பதை அவன் எப்படியோ அறிந்திருந்தான். கத்தரித்துத் தீட்டிய நான்கு பட்டைகளையும், மெல்லிய கம்பியை வளைத்துச் செய்த கொக்கிகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மிக நேர்த்தி.

“இந்த வண்டியில பெல்ட் கிடையாது தம்பி” என்றோம்.

“என்ன சாமி சொல்றீங்க? இவ்வளவு வேகத்துல போற வண்டி!”

“1967-ல பெரும்பாலானவங்க கட்டிக்கல.”

“படத்துல இருக்கே!”

அவன் சொன்னது மெய். இன்று எஞ்சியுள்ள லோட்டஸ் 49 வண்டிகள் பழைய கார்களுக்கான பந்தயங்களில் ஓடுகின்றன. இன்றைய விதிப்படி அவற்றில் பட்டை உண்டு. வண்ணப் படங்களும் பெரும்பாலும் அவற்றினுடையவை. ஸாண்ட்ஃபோர்டில் கிளார்க் அமர்ந்திருக்கும் படங்களில் அவர் தோள்மேல் ஒன்றுமில்லை. அது அவர்களுடைய அறியாமை என்று சொல்லிவிட முடியாது. தொட்டியின் இரு பக்கமும் பெட்ரோல் பைகள், மோதினால் தீ. கட்டுண்டு எரிவதைவிடத் தூக்கியெறியப்படுவது மேல் என்று அந்நாளைய ஓட்டுநர் பலர் எண்ணினர். அவர்கள் கண்ட சாவுகள் அவர்களை அவ்வாறு எண்ண வைத்தன. ஃபார்முலா 1 பந்தயங்களில் பட்டை கட்டாயமானது 1972-இல்தான்.

இளைஞன் வாதிட்டான். “நம்ம செய்ற வண்டிதானே சாமி? நம்ம போட்டா யார் கேக்கப்போறா?”

அவன் எதைப் பேசுகிறான் என்பது எமக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனுடைய அண்ணன் நான்குவழிச் சாலையில் இறந்தான். தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்தானே என்று புறப்பட்டவன். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் நாமே. அன்று முதல் பட்டறைக்கு வரும் எவனும் தலைக்கவசம் இல்லாமல் வந்தால் இவன் வண்டியைத் தொடுவதில்லை. இதனால் முதலாளியோடு சண்டையும் உண்டு.

அவனுக்கு ஜிம் கிளார்க்கின் முடிவைச் சொன்னோம். 1968-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தென்னாப்பிரிக்காவில் இதே லோட்டஸ் 49-இல் வென்று, 25 வெற்றிகளோடு அந்நாள்வரை இருந்த சாதனையைக் கடந்தார். ஏப்ரல் 7-ஆம் நாள், ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் களத்தில், சிறிய வகைப் பந்தயம் ஒன்றில் லோட்டஸ் 48 வண்டியை ஓட்டினார். காட்டுக்கு நடுவே சென்ற பாதையில் வண்டி விலகி மரத்தில் மோதியது. பின் டயரில் காற்று இறங்கியதே காரணம் என்று கருதப்படுகிறது. அகவை 32. நாம் பணியாற்றிய இடத்திலிருந்து ஹாக்கன்ஹைம் தொலைவில்லை. நிலவறை முதியவர் நம்மை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறார். 2002-இல் களத்தைத் திருத்தியபோது காட்டுப் பாதையை மூடி மரம் நட்டுவிட்டார்கள். நினைவுக்கல் மட்டும் புதிய களத்துக்கு அருகே பெயர்ந்து வந்திருக்கிறது. அதன்முன் அவர் தொப்பியைக் கழற்றி நின்றார். நாமும் ஒன்றும் பேசவில்லை.

பட்டையைப் பொருத்த நாம் இசையவில்லை. நம் விருப்பம்போல் வண்டியை மாற்றிச் செய்யும் உரிமை செய்பவனுக்கு உண்டு, பலர் தமக்குப் பிடித்த வண்ணமும் சக்கரமும் இட்டு மகிழ்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் இது ஒருவர் வாழ்ந்து ஓட்டிய வண்டி. கதவெண் 5 என்று மூக்கில் அவருடைய எண்ணை எழுதியிருக்கிறோம். ஐந்நூறு ஆணித்தலைகளை மெய்யாக வைத்துவிட்டு, உயிர் தொங்கிய ஓரிடத்தில் மட்டும் பொய் வைப்பதா? இருக்கை வெறுமையாகவே இருக்கட்டும் என்றோம். அவன் பட்டைகளைத் தீப்பெட்டி ஒன்றில் போட்டு மூடினான். இரண்டு வாரம் மாளிகைப் பக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரம் வந்தபோது வேறொருவரைப் பற்றி அவனிடம் பேசினோம். ஜாக்கி ஸ்டூவர்ட், கிளார்க்கின் நண்பர், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில், மழையில் வண்டி சறுக்கி, நசுங்கிய தொட்டிக்குள் பெட்ரோலில் நனைந்தபடி ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கிக் கிடந்தார். காப்பாற்ற வந்தவர்கள் சக ஓட்டுநர்கள் இருவர்; ஸ்டியரிங்கைக் கழற்ற ஒரு ஸ்பானர்கூட அங்கே இல்லை; பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கினார்கள். அதன்பின் ஸ்டூவர்ட் தம் ஸ்டியரிங்கிலேயே ஒரு ஸ்பானரை ஒட்டிவைத்துக்கொண்டு ஓட்டினார். பட்டைக்காகவும், தடுப்புவேலிக்காகவும், மருத்துவருக்காகவும் பல ஆண்டுகள் வாதாடினார். கோழை என்று பழித்தவர்களும் உண்டு. மும்முறை, 1969, 1971, 1973 ஆண்டுகளில், உலக வாகையர் ஆனார்.

“அவர் வண்டி கிடைக்குமா சாமி?” என்று கேட்டான்.

கிடைக்கிறது. 1971-இல் அவர் ஓட்டிய டைரல் 003. அதே தாமியா, அதே பன்னிரண்டில் ஒரு பங்கு, அதே டிஎஃப்வி பொறி. ஜெர்மனியில் உள்ள நண்பர் ஒருவர் வழியாகப் பெட்டி புரட்டாசியில் வந்து சேர்ந்தது. தீப்பெட்டியைத் திறந்து அளந்து பார்த்தோம். தோள்பட்டைகளை ஒரு நூல் குறைத்தால் போதும். உடலுக்கு நீல வண்ணம். மழை ஓயும்வரை அதைத் தொடுவதற்கில்லை. அதற்குள் பொறியை முடித்துவிடலாம், எட்டுக் கம்பிதானே, பழகிய வேலை என்கிறான். காயில் கடைக்காரரிடம் இன்னும் சிறிது கம்பி கேட்டிருக்கிறோம்.